சேற்றுக் கிருமியும் ஏட்டில் ஏறாத காய்ச்சலும்

மாரி தொடங்க, காலபோக விதைப்புக்கு வன்னியே வயலுக்குள்ள இறங்கும். இரணைமடுவின் கீழோ முத்தையன்கட்டின் கீழோ, காலில ஒரு கீறலோட சேற்றுக்குள்ள நிக்காத ஆக்கள் எங்கட வீடுகளில குறைவு. அந்த நேரம் வாற காய்ச்சலுக்கு எலிக்காய்ச்சல், டெங்கு என்று பெயர் சொல்லுவம். நூறு வருடத்துக்கு மேலாகப் பதிவில் இருக்கிற மெலியோயிடோசிஸ் என்ற பெயரை எங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறம்?

1911, ரங்கூன். பிரேத பரிசோதனைகளில் அல்பிரெட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் சீழ்க்கட்டிகள் நிறைந்த நுரையீரல்களைக் கண்டார்கள். இறந்தவர்களில் பலர் மோர்பின் ஊசிக்கு அடிமையான ஏழைகள். 1912 இல் இருவரும் சேர்ந்து இந்தப் புது நோயைப் பற்றி எழுதினார்கள். ஆனால் உலகம் அதை 'விட்மோர் நோய்' என்றே அழைத்தது. கிருஷ்ணசுவாமியின் பெயர் உதிர்ந்து போனது.

இலங்கையில் முதல் பதிவு 1927. நோயாளி ஓர் ஐரோப்பியர். கிருமியோ மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. அப்படியென்றால் வெறுங்காலோடு வயலில் நின்றவர்களின் கதை எங்கே?

பிடிபடாமல் போனதற்குக் கிருமியும் ஒரு காரணம்தான். மண்ணில் இருக்கும்போது அது தன் ஆயுதங்களில் பலதை வெளியே எடுப்பதில்லை. உடலுக்குள் போனதும், காவலுக்கு நிற்கிற மக்ரோபேஜ் என்ற வெண்குழியம் அதை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும். கிருமி அந்தப் பையை உடைத்துக்கொண்டு கலத்தின் உள்திரவத்துக்கு வந்துவிடும். அங்கே குளுட்டாதயோன் என்ற பொருள் நிறைய உண்டு. கிருமியின் 'விர்ஏ' என்ற புரதம் அதை உணர்ந்ததும், அதுவரை அடங்கியிருந்த பரம்பரையலகுகள் இயங்கத் தொடங்கும் என்று சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2015 இல் காட்டினார்கள். பிறகு கலத்தின் சொந்த அக்டின் இழைகளையே வாலாக்கி நகரும், பக்கத்துக் கலத்தோடு ஒட்டவைத்து வெளியே வராமலே பரவும்.

சிலரில் வருடக்கணக்காகப் பதுங்கியும் இருக்கும். சீனி வருத்தம் உள்ளவர்களைத்தான் கூடுதலாகத் தாக்கும். எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே தெரியலாம். வழக்கமான அன்ரிபயோட்டிக் பலதுக்கு மசியாது. குருதியிலோ சீழிலோ கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் உறுதி.

மிச்சக் காரணம் மனிதர்களுடையது. 2006 முதல் கொழும்பு மருத்துவபீட நுண்ணுயிரியலாளர்கள் ஒழுங்காகத் தேடத் தொடங்க, இது அரிய நோய் இல்லை என்று தெரிந்தது. அதே 2006 ஓகஸ்டில்தான் ஏ9 வீதி மூடப்பட்டது. யுத்தத்துக்குள் காய்ச்சலில் போன எங்கட ஆக்களில் யாருக்கு இது இருந்தது என்று எந்த ஏடும் சொல்லாது.

கலைப்பீடத்தில் ஆவணங்களை நம்பிப் படிக்கிற எங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. பதிவில் இல்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, யாரும் தேடவில்லை என்றும் இருக்கலாம். ஆகவே வயலுக்குப் போய்வந்த அப்பாவுக்கோ அம்மம்மாவுக்கோ காய்ச்சல் விடாமல் காய்ந்தால், டொக்டரிடம் ரெண்டு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கோ: வயலுக்குள்ள நின்றவர், சீனி வருத்தமும் இருக்கு. தேட வைக்கிற முதல் பதிவு அதுதான்.