சுருக்குக் கம்பி முதல் மென்கயிறு வரை

நாய்க்கடிக்கு மருந்து வரும் முன்பே நாயைக் கொல்லும் ஏற்பாடு வந்துவிட்டது. சென்னையில் 1860 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். சுருக்குக் கம்பியோடு வரும் நாய் வண்டி நூறாண்டுக்கு மேல் ஓடியது.

கடிபட்டவர்களுக்கான பாஸ்டர் நிலையம் குன்னூரில் 1907இல்தான் அமைந்தது. பெரியபட்டினம் போன்ற கடற்கரை ஊரார் அங்கே போக, இராமநாதபுரத்தில் ரயிலேறி, மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு மாறவேண்டும். வெறிநாய்க்கடிக்கு அது நீண்ட பயணம். ஆட்டு மூளையிலிருந்து செய்த செம்பிள் தடுப்பூசி பின்னர் பரவியது. தொப்புளைச் சுற்றிப் போடும் அந்தப் பதினான்கு ஊசியின் பேச்சே பிள்ளைகளை நடுங்கவைத்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது கைவிடப்பட்டது.

கொல்வதால் பயனில்லை என்று 1960களிலேயே சொன்னது, 1959இல் சென்னையில் தொடங்கிய விலங்குநல அமைப்பான புளூ கிராஸ். தெருவில் எச்சிலும் குப்பையும் கிடக்கும்வரை, செத்த நாயின் இடத்துக்கு வேறு நாய் வரும். எல்லைக்காகச் சண்டை மூளும். ஊசி போடாத புதுநாய்களே பெருகும். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது அவர்கள் வழி. சென்னை மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆயிற்று. 2001இல் மத்திய அரசின் விதிகள் அதை நாடெங்கும் கொண்டுசென்றன. இறுக்காத மென்கயிறு போன்ற வதையற்ற முறையில் பிடிக்கவேண்டும் என்றும் கூறின.

பிடிக்கும் முறை கடியோடு நேரே தொடர்புடையது. கழுத்து இறுகிய நாய் உயிர்பயத்தில் கடிக்கும். வீட்டு நாயும் அப்படித்தான். இராஜபாளையம் ஊரின் வெள்ளை நாய், அந்நியரை அண்டவிடாத காவலுக்குப் பேர்போனது. அத்தகைய நாயை அடித்து வளர்த்தால் அச்சம்தான் ஏறும். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமலை விட்டுவிடும், கடியை விடாது. சொன்னதைச் செய்யும்போது தீனி கொடுத்துப் பழக்குவதே பலனளிக்கிறது. காதைப் படியவைத்து, வாலை இடுக்கி, முகம் திருப்பும் நாய் விலகச் சொல்கிறது. மீன் கழிவு கிடக்கும் கடற்கரைகளில், தின்னும் நாயையும் குட்டிபோட்ட தாயையும் நெருங்காமலிருப்பதே பாதிக் காவல். கல்லெடுத்தால் நாய்க்கூட்டம் சேர்ந்துவிடக்கூடும்.

பிடித்த இடத்திலேயே விடும் முறை 2025இல் உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானது. தில்லித் தெருநாய்களைக் காப்பகத்தில் அடைக்கும்படி ஆகஸ்ட் 11இல் பிறந்த ஆணை, வெறிநோயும் மூர்க்கமும் உள்ளவை தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, ஊசி போட்டுத் திரும்ப விடவேண்டும் என்று ஆகஸ்ட் 22இல் திருத்தப்பட்டது.