கண்ணாடித் தகடும் மூன்றாம் பிரதியும்

சென்ற ஐப்பசி மழையில் என் கணினி படுத்துவிட்டதைப் பற்றிச் சில அன்பர்கள் விசாரித்திருந்தார்கள். மின்சாரம் போய்ப் போய் வந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு ஹார்ட் டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை. கடைக்காரர் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இங்கே எழுதிய கட்டுரைகள் இணையத்தில் இருக்கின்றன, அவை போகவில்லை. ஆனால் என் அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த குடும்பக் கதை, 46 பக்கம், அதில் இருந்தது. பென் டிரைவில் எடுத்து வைத்த பிரதியில் 11 பக்கம்தான். அதற்குப் பிறகு எடுக்க மறந்திருக்கிறேன். அக்கா இப்போது இல்லை.

கார்பன் தாள் வைத்தே காலத்தை ஓட்டிய குமாஸ்தா நான். "ஆபீஸ் காப்பி எங்கே?" என்று எத்தனை இளையவர்களைக் கேட்டிருப்பேன்!

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பிரதி என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடு இரண்டு பிரதியாக எழுதப்படும். ஒன்று மேரியில், அதாவது நகராட்சியில் இருக்கும். மற்றது நீதிமன்ற எழுத்தகத்துக்குப் போகும். குடியேற்ற நாடுகளுக்கு அதுவும் போதாது என்று, 1776 ஜூனில் பதினாறாம் லூயி மன்னர் ஓர் ஆணை போட்டார். பதிவேடுகளின் இன்னொரு பிரதி கப்பலேறி வெர்சாய் காப்பகத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது ஆணை. வெயில், கடல் ஈரம், கரையான், இவற்றோடு சண்டையும் உண்டு. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆணை பிறந்து இரண்டே வருடத்தில், 1778-ல், மறுபடி முற்றுகை. அந்த மூன்றாம் வரிசைப் பிரதிகள் இன்று தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. பலவற்றைக் கணினியிலேயே பார்க்கலாம்.

அந்த ஆணையில் எனக்குப் பிடித்தது, பிரதி எடுக்க யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான். வருடம் முடிந்தால் பதிவேடு போக வேண்டும். குமாஸ்தாவுக்கு மனமிருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

இதே ஒழுங்கை நம் ஊரிலும் பார்க்கலாம். அப்சர்வேட்டரி பக்கம் நடக்கப் போகும் அன்பர்களுக்குத் தெரியும். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனியார் கட்டிய வானோக்கு நிலையத்தின் வேலை 1899-ல் இந்த மலைக்கு ஏறி வந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டுமென்ற யோசனையும் அதற்கு ஒரு காரணம். 1904 முதல் தினமும், வானம் விட்ட நாளெல்லாம், சூரியனைப் படமெடுத்தார்கள். சாதாரண வெள்ளொளியில் ஒரு படம், கால்சியம் ஒளியில் ஒரு படம். 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியிலும் எடுத்தார்கள். சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் 1909-ல் இங்கேதான் கண்டுபிடித்தார்.

மேக மூட்டமானால் என்ன செய்வது? இங்கிலாந்தில் கிரீனிச் நிலையம் 1874 முதல் கரும்புள்ளிக் கணக்கு வைத்து வந்தது. லண்டன் வானம் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. விட்டுப்போன நாட்களைத் தென்னாப்பிரிக்காவின் கேப், மொரீஷியஸ், டேராடூன், நம் கொடைக்கானல் ஆகிய இடங்களில் எடுத்த படங்களைக் கொண்டு நிரப்பினார்கள். ஓர் ஊரில் மழையென்றால் இன்னோர் ஊரில் வெயில்.

ஆனால் தகடு கண்ணாடி. ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. கொடைக்கானல் ஈரத்தில் பீரோவில் இருக்கும் செருப்புக்கே பூஞ்சணம் பிடிக்கும். நூறாண்டு வேலை ஒரே கூரையின் கீழ் இருந்தது. பெங்களூரு இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தார் அவற்றைத் தகடு தகடாக டிஜிட்டல் கேமராவில் படியெடுத்து, இப்போது உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். சில படங்களில் கீறல்கூட அப்படியே தெரிகிறது.

இதையெல்லாம் அறிந்தவன் பென் டிரைவை கணினிக்குப் பக்கத்து இழுப்பறையிலேயே வைத்திருந்தேன்.

புதுக் கணினியில் என் மருமகன் உபுண்டு போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு சின்னச் செயலி இருக்கிறது, பெயர் தேழா துப். 'தேழா வ்யூ', முன்பே பார்த்தது போன்ற உணர்வு, என்ற பிரெஞ்சுச் சொற்றொடரை வைத்து விளையாடிய பெயர். துப் என்பது உள்ளே வேலை செய்யும் துப்ளிசிட்டி என்ற நிரலின் சுருக்கம். பிரெஞ்சில் துப்ளிசித்தே என்றால் இரட்டை வேடம், ஆகவே தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எந்தக் கோப்புறைகளைக் காக்க வேண்டும், எவற்றை விட வேண்டும், எங்கே சேமிக்க வேண்டும் என்று கேட்கிறது. பிறகு தானாக எடுக்கும் பொத்தான், தினமா வாரமா என்று. முதல் தடவை முழுவதும் எடுக்கும், நேரமாகும். அடுத்து மாறியவற்றை மட்டும். கடவுச்சொல் வைத்தால் அதைத் தாளிலும் எழுதி வையுங்கள், அதை மறந்தால் பிரதி இருந்தும் இல்லாதது மாதிரிதான். எடுத்ததோடு நிற்காமல், ஒரு கோப்பை மீட்டும் பார்த்தேன். வந்தது.

டிஸ்க் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று மேசையில். இன்னொன்று மலையடிவாரத்தில், பழனியில் இருக்கும் மகள் வீட்டில். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பஸ்ஸில் இறங்கி மாற்றி வருகிறேன். முதல் முறை கொடுத்தபோது, "இது என்னப்பா?" என்றாள். அக்கா கதையின் 11 பக்கமும், மீதியில் எனக்கு நினைவிருக்கும் வரை மறுபடி எழுதிய 9 பக்கமும் என்று சொன்னேன். வாங்கிப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.