குழியும் கோடும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், வடக்கத்திக் காட்டுக்கு அடியில், சுமார் 1,42,000 சதுர கிலோமீட்டருக்குத் தார் மணல் படிந்திருக்கிறது. அதிலிருந்து எண்ணெய் எடுக்க இரண்டு வழிகள்: மணலைத் தோண்டி அலசுவது, மண்ணுக்குள்ளேயே தாரை இளக்கி உறிஞ்சுவது. காட்டை அதிகம் கெடுப்பது எது?

முதல் வழியின் சேதம் விமானத்திலிருந்தே தெரியும். ஃபோர்ட் மெக்மரே நகருக்கு வடக்கே, மணல் சுமார் 75 மீட்டர் ஆழத்துக்குள் கிடக்கும் இடங்களில், மரங்களை வெட்டி, சதுப்பை வடித்து, மேல்மண்ணை வழித்த பிறகே தோண்டுகிறார்கள். ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டு டன் மணல் வேண்டும். அலசி மிஞ்சும் சேறு கழிவுக்குளங்களில் தேங்குகிறது. 2008 ஏப்ரலில் அப்படியொரு குளத்தில் இறங்கிய சுமார் 1,600 வாத்துகள் செத்தன.

இரண்டாவது வழியில் குழியே இல்லை. பூமிக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கிடைக் குழாய்கள். மேலதில் நீராவியைச் செலுத்தினால், இளகிய தார் கீழதில் வடியும். மரங்கள் பெரும்பாலும் நின்றபடியே நிற்கும். ஆனால் தோண்டத்தக்க நிலம் மொத்தப் பரப்பில் சுமார் 3 விழுக்காடுதான். எடுக்கத்தக்க எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு நீராவி போன்ற வழிகளையே நம்ப வேண்டும். அந்தப் பரந்த நிலத்தில் மணலைத் தேடும் நில அதிர்வு ஆய்வுக்காகக் காட்டுக்குள் நேர்கோடு நேர்கோடாக மரங்களை வெட்டினார்கள். பின்னாலேயே சாலையும் குழாய்ப்பாதையும் வந்தன.

சில மீட்டர் அகலக் கோடு என்ன செய்துவிடும்? காரிபூ மான் லைக்கன் என்னும் பாசிப்பூஞ்சையைத் தின்று பழைய சதுப்புக்காட்டில் வாழ்வது. நடக்கக் கஷ்டமான அந்தச் சதுப்புதான் அதற்கு அரண். கோடு ஓநாய்க்கு நடைபாதை போட்டுக் கொடுத்தது. வெட்டிய இடத்தில் துளிர்க்கும் இளந்தழைக்கு மூஸ் மான்கள் வர, அவற்றை நம்பி ஓநாய்களும் பெருகின.

ஆறுவதிலும் இரண்டும் ஒன்றல்ல. மூடிய சுரங்க நிலத்தில் 104 ஹெக்டேருக்கு 2008-இல் முதல் மீட்புச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் தாழ்ந்த ஈரநிலமாக இருந்த இடம் மரம் நட்ட மேடாகிவிட்டது. கோடுகளிலோ அமுங்கிய சதுப்பில் நீர் நின்று, பல பத்தாண்டுகளாகியும் மரம் தலையெடுக்காத இடங்கள் உண்டு.

ஹெக்டேருக்கு ஹெக்டேர் பார்த்தால் குழியே பெரிய குற்றவாளி. காரிபூவின் கணக்கில் கோடு. இப்போது பழைய கோடுகளில் மண்ணைக் குவித்து நாற்று நடுகிறார்கள்; குறுக்கே மரங்களைச் சாய்த்துப் போடுகிறார்கள், ஓநாயின் ஓட்டம் கொஞ்சமாவது தடைபடட்டும் என்று.