டோலீடோ 1919: ஒரு குத்தின் எடை

1919 ஜூலை 4. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டோலீடோ நகரம், கொளுத்துகிற வெயில். மேடையில் ஒரு பக்கம் ஜெஸ் வில்லார்ட். ஆறரை அடி உயரம், 245 பவுண்டு எடை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஹவானாவில் 26 சுற்று வரை நின்று ஜாக் ஜான்சனைச் சாய்த்த உலகச் சாம்பியன். எதிரே ஜாக் டெம்ப்சி, வெறும் 187 பவுண்டு. முதல் சுற்று முடிவதற்குள் வில்லார்ட் ஏழு முறை தரையில் கிடந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து டெம்ப்சி மேடையைவிட்டே இறங்கிப் போய்விட்டார். அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. மூன்றாவது சுற்றோடு வில்லார்ட் தரப்பு போதும் என்றுவிட்டது.

வித்தியாசம் 58 பவுண்டு, அதாவது 26 கிலோ. முதுகில் ஒரு பெரிய அரிசி மூட்டை கூடுதலாக இருப்பவனை இல்லாதவன் இப்படி உருட்டி எடுக்க முடியுமா?

முடியாது, ஏமாற்று வேலை என்று சொல்வது சுலபம். டெம்ப்சியின் மேலாளராக இருந்த ஜாக் கேர்ன்ஸே அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். கைக்கட்டுத் துணியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தூவித் தண்ணீர் விட்டுக் கல்லாக்கினேன் என்று அவர் சொன்ன கதை, அவர் இறந்த பிறகு 1964இல் ஒரு பெரிய விளையாட்டுப் பத்திரிகையில் வந்தது. டெம்ப்சி வழக்குப் போட்டார், சமரசத்தில் முடிந்தது. கை கட்டும்போது கூடவே இருந்ததாகச் சொன்ன பத்திரிகையாளர் நாட் ஃப்ளைஷர், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்திருக்கிறார். கேர்ன்ஸுக்கும் டெம்ப்சிக்கும் பணத் தகராறு வந்து உறவு முறிந்தது பழைய கதை. எனக்குக் கேர்ன்ஸ் மேல் நம்பிக்கை இல்லை. அதற்குக் காரணம் டெம்ப்சியின் நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். பிளாஸ்டர் இல்லாமலே அந்தக் கணக்கு நேராகிறது, அவ்வளவுதான்.

1950இல் டெம்ப்சி ஒரு பாடப்புத்தகம் எழுதினார். அது டோலீடோவில்தான் தொடங்குகிறது. பலமாகக் குத்துகிறவன் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறான் என்பது அவர் கட்சி. அவர் சொல்லித்தரும் முதல் பாடம் கையைப் பற்றியதே இல்லை. உடம்பின் எடையை முன்காலில் வை. பின்னால் சாயாமல் அந்தக் காலைச் சட்டென்று தூக்கு. உடம்பு தானாக முன்னால் விழும். கால் தரையில் ஊன்றும் முன்பே குத்து போய்ச் சேர வேண்டும். கால் ஊன்றிவிட்டால் விழுகிற எடையைத் தரை வாங்கிக்கொள்ளும். எதிராளிக்கு மிஞ்சுவது கையின் பலம் மட்டும். பிறகு தோள் சுழற்சி, தோளிலிருந்து சுண்டுவிரல் பக்க முட்டி வரை ஓடும் நேர்கோடு என்று பாடம் போகிறது. பள்ளிப் படிப்பு அதிகமில்லாமல், சுரங்கங்களில் வேலை பார்த்து, சரக்கு ரயிலில் தொற்றி ஊர் ஊராகச் சுற்றிய மனிதர் எழுதிய இயந்திரவியல் பாடம் இது. நான் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்ததில் இத்தனை தெளிவான விளக்கங்கள் குறைவு.

அவர் சொன்னதை அளந்து பார்த்தவர்கள் பின்னால் வந்தார்கள். 1980களில் வெளிவந்த ஒரு சோவியத் ஆய்வு, 120 வீரர்களின் குத்தில் எந்த உறுப்புக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்த்தது. தேர்ந்தவர்களிடம் பின்காலின் உந்தல் ஏறக்குறைய 38 விழுக்காடு, கை 24. கற்றுக்குட்டிகளிடம் தலைகீழ்: கை 38, கால் 17கூட வரவில்லை. ஜிம்மில் புஜத்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்.

1985இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஃபிராங்க் புருனோவை ஒரு ஊசல் இலக்கில் குத்தவைத்து அளந்தார்கள். கை அரை மீட்டர்தான் பயணித்தது, 0.1 விநாடிக்குள். மோதும்போது வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர், உச்ச விசை 4096 நியூட்டன். ஆறு கிலோ மரச் சம்மட்டியைப் பஞ்சு சுற்றி மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசியதற்குச் சமம் என்று எழுதினார்கள். கையுறையோடு சேர்த்துப் பார்த்தாலும் ஒரு முஷ்டி ஒரு கிலோ வராது. மீதி ஐந்து கிலோ எங்கிருந்து வருகிறது? மோதும் கணத்தில் மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாம் இறுகி, பின்னால் இருக்கும் உடம்பும் முஷ்டியோடு சேர்ந்துகொள்வதிலிருந்து. மணிக்கட்டு மடங்கினால் அந்த எடை வழியிலேயே தொலைந்துவிடும். டெம்ப்சியின் நேர்கோடு இதுதான்.

அந்த இலக்குத் தலையில் ஏற்பட்ட முடுக்கம் 53 ஜி. கட்டுரை மருத்துவ இதழில் வந்ததற்குக் காரணம் அந்த எண். உண்மையான தலைக்குள் மூளை இருக்கிறது, ஓட்டுக்குள் குலுங்குகிறது. சம்மட்டிக் கணக்கை ரசித்துக்கொண்டே வந்த எனக்கு இந்த வரியில் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது, மறைப்பானேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். டோலீடோ படச்சுருளைப் பாருங்கள்: வில்லார்ட் விழும்போதெல்லாம் டெம்ப்சி தலைமாட்டிலேயே நிற்கிறார். எழ எழ அடி விழுகிறது. அன்றைக்கு அதற்குத் தடை இல்லை. ஏழு வீழ்ச்சியில் குத்தின் எடைக்கு எவ்வளவு, விதியின் தாராளத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த ஊசலும் கிடையாது. ஆனால் 1927 செப்டம்பரில், சிகாகோவில், ஜீன் டன்னியோடு மோதியபோது விதி மாறியிருந்தது. விழுத்தியவன் நடுநிலை மூலைக்குப் போன பிறகுதான் நடுவர் எண்ணத் தொடங்குவார். ஏழாவது சுற்றில் டெம்ப்சி டன்னியை வீழ்த்தினார். பழக்க தோஷம், அங்கேயே நின்றார். மூலைக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் பல விநாடிகள் ஓடிவிட்டன. எண்ணிக்கை ஒன்பதில் டன்னி எழுந்தார், பின்வாங்கிச் சுற்றிச் சுற்றி அந்தச் சுற்றைக் கடத்தினார், பத்தாவது சுற்று முடிவில் புள்ளிகளில் வென்றார்.