மாநில சுயாட்சியும் மூன்றாம் அடுக்கும்

இந்தியக் கூட்டாட்சி பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒன்றிய, மாநில அரசுகளுக்கு இடையிலான இழுபறியோடு நின்றுவிடுகிறது. அந்த விவாதத்துக்குத் தமிழ்நாடு அளித்த பங்கு பெரிது. ஒன்றிய, மாநில உறவை ஆராய 1969இல் அமைக்கப்பட்ட இராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை அளித்தது. 1974 ஏப்ரலில் சட்டப்பேரவை மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. சுயாட்சிக் கோரிக்கைக்கு வலுவூட்டும் நியாயங்கள் இரண்டு. மக்களுக்கு அருகில் உள்ள அரசே அவர்களுடைய தேவையை நன்கு அறியும் என்பது ஒன்று. பொறுப்பை ஒப்படைத்தால் அதற்கேற்ற வருவாயையும் ஒப்படைக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவை மாநிலத் தலைநகரோடு முடிந்துவிடும் நியாயங்கள் அல்ல. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அவற்றை மறுக்கும் மாநிலம் தன் கோரிக்கையின் அடித்தளத்தையே அரித்துக்கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சிக்கு உருவம் கொடுத்தன. அதிகாரத்தை மட்டும் மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. ஐந்தாண்டுப் பதவிக்காலம், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கான இட ஒதுக்கீடு ஆகியவை கட்டாயம். ஆனால் பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களிலும் பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களிலும் எவற்றை, எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதைச் சட்டமன்றமே முடிவு செய்யலாம். வரி விதிக்கும் உரிமையும் அப்படித்தான். ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் அதிகாரப் பட்டியல்களை வகுத்துத் தந்த அரசமைப்பு, உள்ளாட்சிக்கு அப்படியொரு தனிப் பட்டியலைத் தரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தும் ஆளும் அதிகாரம் இல்லாத நிலை இங்கிருந்தே பிறக்கிறது.

தமிழ்நாட்டின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றம் 1996 வரை மீளவில்லை. இடையில் 1978இல் குடிநீரும் கழிவுநீர் அகற்றலும் தனி வாரியத்திடம் சென்றன. திருத்தங்களுக்குப் பிறகும், 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் வழக்குகளில் சிக்கி நின்றது. 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரிலும், எஞ்சிய ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது. அதுவரை தனி அலுவலர்களே நிர்வகித்தனர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாததால் ஒன்றியத்தின் 14ஆம் நிதி ஆணையம் பரிந்துரைத்த மானியமும் தடைபட்டது. உள்ளாட்சியைத் தேங்கவிட்டதன் இழப்பு மாநிலத்தின் நிதியிலேயே எதிரொலித்தது.

உள்ளாட்சிக்கு அதிகாரம் அளிப்பதற்கு எதிராக மூன்று வாதங்கள் வைக்கப்படுகின்றன. உள்ளாட்சிகளுக்குத் திறன் போதாது என்பது முதலாவது. இது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் பார்ப்பது. கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, திறன் வளரட்டும் என்று காத்திராமல் திட்ட ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் விட்டது. பணமும் ஊழியர்களும் வந்த பிறகே திட்டமிடும் பழக்கம் வேரூன்றியது. இரண்டாவது வாதம் கனமானது: அதிகாரம் கிராமத்துக்குப் போனால் ஆதிக்கச் சாதியிடம் போகும். கிராமத்தை அரசமைப்பின் அடிப்படை அலகாக்க வேண்டும் என்ற கருத்தை அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசமைப்பு நிர்ணய சபையில் மறுத்ததும் இந்த அச்சத்தோடு தொடர்புடையதே. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சிகளில் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடத்த முடியாமல் போனதை மறக்க இயலாது. ஆனால் 2006இல் அரசு உறுதியோடு நின்றபோது அங்கும் தேர்தல் நடந்தது. மேலிருந்து வர வேண்டியது உரிமைப் பாதுகாப்பு. அதைக் காரணம் காட்டி நிர்வாக அதிகாரத்தையே வைத்துக்கொள்வது பொருந்தாது. அதிகாரமற்ற ஊராட்சியில் பட்டியல் சாதித் தலைவருக்குக் கிடைப்பதும் வெறும் நாற்காலிதான்.

மூன்றாவது, உள்ளாட்சியை வலுப்படுத்தினால் மாநிலத்தைத் தாண்டி ஒன்றியம் நேராகக் கைநீட்ட வழி பிறக்கும் என்பது. இந்த ஐயத்துக்கு அடிப்படை உண்டு. செஸ், கூடுதல் வரி ஆகியவற்றை மாநிலங்களோடு பகிரும் வரிகளின் பகிர்வுத் தொகுப்புக்கு வெளியே வைத்துக்கொண்டு, நிபந்தனை மானியங்களால் உள்ளாட்சிகளை இயக்குவது கூட்டாட்சி ஆகாது. ஆனால் உள்ளாட்சி மாநிலப் பட்டியலின் ஐந்தாவது பொருள். அதை வலுப்படுத்த மாநிலம் எவர் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலத்தின் சொந்த நிதியில் உறுதியான பங்கு கிடைக்காத உள்ளாட்சிதான் ஒன்றிய மானியத்தை எதிர்பார்த்து நிற்கும்.

எனவே செய்ய வேண்டியவை மாநிலச் சட்டமன்றத்தின் கைக்குள்ளேயே உள்ளன: பணிகளை அவற்றுக்குரிய ஊழியர்களோடும் நிதியோடும் சேர்த்துச் சட்டத்தால் ஒப்படைத்தல், மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்க மறுத்தால் காரணத்தைப் பேரவையில் விளக்குதல், ஊராட்சித் தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியரிடமிருந்து சார்பற்ற நடுவர் மன்றத்துக்கு மாற்றுதல். இவற்றைச் செய்யும் மாநிலம் எதையும் இழப்பதில்லை. தன் ஊராட்சிகளுக்கு உரிமையாகப் பங்கு தரும் மாநிலமே, பகிர்வுத் தொகுப்பில் தன் பங்கைச் சலுகையாக அல்ல, உரிமையாகக் கேட்கத் தகுதி பெறுகிறது.