'மூணு தரம்' சொன்ன பிறகு ஆளைக் காணோமா? ஆன்லைன் ஏலத்தில் பணம் கட்டாதவரைச் சமாளிக்கும் வழிகள்!

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" ஊர் மந்தையிலோ கோயில் வாசலிலோ நடக்கும் ஏலத்தில் இந்த மூணாவது தரத்துக்குத் தனி மரியாதை உண்டு. எடுத்தவர் அவ்வளவு சுலபமா நழுவ முடியாது. சுத்தி நிக்கிறவங்க எல்லாம் மாமன், மச்சான், பங்காளி!

இன்ஸ்டாகிராம் லைவிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் நடக்கும் ஏலத்தில் அந்தக் கூட்டம் கிடையாது. மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விக்கிற ஒரு பெண்ணை எடுத்துக்குவோம். ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்தின சேலை. 900 ரூபாயில் ஆரம்பிச்ச ஏலம் 1,500-ல் முடியுது. "அக்கா, எனக்குத்தான்!" என்று ஹார்ட்டின் பறக்குது. ஜிபே நம்பர் அனுப்பியதும் ப்ளூ டிக் மட்டும் விழுது. அப்புறம் பதிலே இல்லை. கேட்ட மத்தவங்களும் அதுக்குள்ள வேற சேலைக்குப் போயிட்டாங்க.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்யலாம், அடுத்த முறை நடக்காம எப்படிப் பார்த்துக்கலாம்? வாங்க, பார்க்கலாம்.

முதல் மெசேஜ் சண்டையா இருக்க வேண்டாம்

பணம் வரலைன்னா உடனே ஏமாத்துக்காரர்னு முடிவு கட்டிடாதீங்க. புதுசா யுபிஐ ஆரம்பிச்சவங்களுக்கு முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. பேங்க் சர்வர் மக்கர் பண்றதும் வழக்கமா நடக்கிறதுதான். அதனால முதல் மெசேஜ் சாதாரணமா இருக்கட்டும்: "நீங்க ஏலம் எடுத்த பச்சை சுங்குடி உங்களுக்காக எடுத்து வெச்சிருக்கேன். பணம் அனுப்புறதுல ஏதாவது சிக்கலா? நாளைக்கு இரவு 8 மணி வரைக்கும் காத்திருக்கேன்."

இதில் முக்கியமான விஷயம், தேதியும் நேரமும். "சீக்கிரம் அனுப்புங்க" என்பது கெடு ஆகாது.

பெரிய தளங்களும் இதைத்தான் செய்கின்றன. 2004-ல் பாஸி டாட் காமை வாங்கி இந்தியாவுக்குள் வந்த இபே, 2018 ஆகஸ்ட் 14-ல் தன் இந்தியத் தளத்தை மூடிவிட்டது. ஆனால் வெளிநாடுகளில் அதன் ஏலம் இன்றும் நடக்கிறது. அங்கே ஜெயித்தவருக்குப் பணம் கட்ட 4 நாள். அதற்கு மேல் விற்பனையாளர் ஆர்டரை ரத்து செய்யலாம். பணம் கட்டாதது வாங்குபவரின் கணக்கில் பதிவாகும். அப்படிப் பதிவானவர்கள் தன்னிடம் ஏலம் கேட்காதபடி விற்பனையாளர் தடுத்துவைக்கவும் முடியும்.

வாட்ஸ்அப் குரூப்பில் இதைச் செய்து கொடுக்க ஆள் இல்லை. கெடு வைப்பது, குறித்து வைப்பது, அடுத்த ஏலத்தில் சேர்க்காமல் இருப்பது... எல்லாமே நீங்கதான்.

சட்டம் உங்க பக்கம்தான்

இந்தியாவில் சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ல் வந்தது. ஏலத்துக்கென்றே அதில் 64-வது பிரிவு இருக்கிறது. விற்பனை முடிந்ததாக அறிவிக்கும் வரை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். அறிவித்துவிட்டால் விற்பனை முடிந்தது. அதாவது, 'மூணு தரம்' என்பதற்குச் சட்ட மதிப்பு உண்டு. ஆன்லைனில் அந்த அறிவிப்பு எது என்பதை நீங்கதான் தெளிவாச் சொல்லணும். "இரவு 9 மணிக்கு வரும் கடைசிக் கமென்ட்டோடு ஏலம் முடியும், ஜெயித்தவர் பெயரை நான் பதிவிட்டதும் விற்பனை உறுதி" என்று முன்னாடியே எழுதிடுங்க.

பணம் கைக்கு வரும் வரை பொருளைக் கொடுக்காமல் வைத்திருக்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. "அனுப்புங்கக்கா, வந்ததும் போடுறேன்" என்றால், தைரியமா மறுக்கலாம்.

மறுபடி விக்கிறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ்

பலரும் தவறவிடும் இடம் இது. கெடு முடிந்ததும் சிலர் சத்தமில்லாமல் வேறு ஒருவருக்கு விற்றுவிடுகிறார்கள். 54-வது பிரிவின்படி, மறுவிற்பனை செய்யப்போவதை முதலில் எடுத்தவருக்குத் தெரிவித்துவிட்டு, நியாயமான அவகாசம் கொடுத்து விற்றால், நஷ்டத்தை அவரிடம் கேட்கலாம். 1,500-க்கு எடுத்த சேலை 1,100-க்குத்தான் போச்சுன்னா, அந்த 400 ரூபாயைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கூடுதல் விலைக்குப் போனால் அந்த லாபம் உங்களுக்கே. தெரிவிக்காமல் விற்றால் இரண்டுமே தலைகீழ். நஷ்டத்தையும் கேட்க முடியாது, லாபத்துக்கும் அவர் உரிமை கொண்டாடலாம்.

அழுகும் பொருளுக்கு மட்டும் இந்த அறிவிப்பு தேவையில்லை. மதுரை மல்லி மொட்டு உங்க நோட்டீஸுக்காகக் காத்திருக்காதே!

சரி, யாருக்கு விக்கிறது? இரண்டாவதாகக் கேட்டவருக்கு என்பதுதான் வழக்கம். இங்கே ஒரு நியாயம் பார்க்கணும். நம்ம சேலையை ஒருவர் 1,000 வரை கேட்டு நிறுத்திட்டார். இன்னொருவர் 1,400 வரை போனார். பணம் கட்டாமல் ஓடியவர் 1,500. அந்த 1,400 வந்ததே ஓடிப்போனவர் ஏத்திவிட்டதால்தான். அவர் இல்லைன்னா 1,050-லேயே ஏலம் முடிஞ்சிருக்கும். இரண்டாமவரிடம் போய் 1,400 கேட்டால், "விலையை ஏத்த நீங்களே ஆள் செட் பண்ணுனீங்களா?" என்ற சந்தேகம் வரும். நடந்ததைச் சொல்லி 1,050-க்குக் கொடுங்க, இல்லைன்னா மறுபடி ஏலம் விடுங்க. 350 ரூபாயை விட வாடிக்கையாளரின் நம்பிக்கை பெருசு.

முன்பணம் இருந்தால் பாதி பிரச்னை இல்லை

கடனுக்காகக் கைப்பற்றிய சொத்துகளை வங்கிகள் ஆன்லைனில் ஏலம் விடுவது தெரிந்திருக்கும். ஏலம் எடுத்தவர் 25 சதவிகிதத்தை அன்றைக்கே, தாமதமானால் அடுத்த வேலை நாளுக்குள் கட்டணும். மீதியை விற்பனை உறுதியான 15 நாளில் கட்டணும். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். தவறினால், கட்டிய பணம் போச்சு!

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2016 டிசம்பரில் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா நடத்திய ஆன்லைன் ஏலத்தில் ஒருவர் 12.27 கோடி ரூபாய்க்குச் சொத்து எடுத்தார். 25 சதவிகிதமாக 3 கோடியே 6 லட்சத்து 75 ஆயிரம் கட்டினார். பணமதிப்பிழப்பு நேரத்தில் பணம் திரட்ட முடியலைன்னு சொன்னவரால் மீதியைக் கட்ட முடியவில்லை. வங்கி முழு முன்பணத்தையும் எடுத்துக்கொண்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 55 லட்சம் போக மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிலைக்கு வந்தது. ஆனால் 2024 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம், முழுத் தொகையையும் வங்கி எடுத்துக்கொண்டது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

"அப்போ நானும் 25 சதவிகிதம் பிடிச்சுக்கவா?" என்று கிளம்பிடாதீங்க. வங்கிக்கு அந்த அதிகாரத்தைத் தருவது தனிச் சட்டம். நமக்குப் பொருந்துவது சாதாரண ஒப்பந்தச் சட்டம். நியாயமான தொகைதான் நிற்கும். ஏலத்தில் கலந்துக்க 100 ரூபாய் டெபாசிட், ஜெயிச்சா விலையில் கழிவு, தோற்றா அன்றைக்கே திரும்பக் கிடைக்கும், ஜெயிச்சும் கட்டலைன்னா திரும்பாது. இதை முன்கூட்டியே எழுதி, அவங்க 'ஓகே' சொன்ன மெசேஜைப் பத்திரப்படுத்துங்க. விளையாட்டுக்குக் கை தூக்குறவங்க இந்த 100 ரூபாய்லேயே ஒதுங்கிடுவாங்க.

ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது

கட்டாதவரை விட, கட்டினதா காட்டுறவர் ஆபத்து. போலி ஆப்பில் 'வெற்றிகரமாக அனுப்பப்பட்டது' என்ற படத்தை நொடியில் உருவாக்கலாம். எஸ்எம்எஸ்ஸையும் நம்ப வேண்டாம். உங்க பேங்க் கணக்கைத் திறந்து பாருங்க. "1,500-க்குப் பதிலா தெரியாம 15,000 அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க" என்று அவசரப்படுத்தினால் கணக்கைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் அது திருட்டு.

இப்படிப் பணம் பறிபோனால் உடனே 1930 எண்ணுக்கு அழைக்கணும். அந்தச் சட்டம் வந்த வருஷமும் இந்த நம்பரும் ஒண்ணு, மறக்காது!

போலீஸா, கோர்ட்டா?

ஏலம் எடுத்துட்டுப் பணம் கட்டாதது மட்டுமே குற்றமாகாது. அது ஒப்பந்த மீறல், சிவில் விவகாரம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு பொருளை வாங்கிக்கொண்டு போயிருந்தால்தான் மோசடிப் புகார் நிற்கும். நுகர்வோர் நீதிமன்றமும் வாங்குபவருக்கானது. விற்பவருக்கு அங்கே வேலை இல்லை.

தொகை பெருசா இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கவும் வழி இருக்கிறது. சிவில் வழக்குக்கு மூன்று வருட அவகாசம்.

ஒரே ஒரு விஷயத்தைச் செய்யாதீங்க. கோபத்தில் அவர் போட்டோவையும் போன் நம்பரையும் போட்டு 'ஃப்ராடு' என்று ஸ்டோரி வைக்காதீங்க. அவதூறு வழக்கு உங்க மேல திரும்பலாம். 400 ரூபாய்க்கு வக்கீல் ஃபீஸ் கட்டுற நிலைமை வேணாமே!

சேலை விக்கிறவங்க, பழைய நாணயம் விக்கிறவங்க, செடி விக்கிறவங்க... யாரா இருந்தாலும் அடுத்த ஏலத்தின் முதல் போஸ்ட்டில் இந்த நாலு வரியைப் போட்டுடுங்க: ஏலம் முடியும் நேரம், டெபாசிட் எவ்வளவு, பணம் கட்ட எத்தனை மணி நேரம், கட்டலைன்னா பொருள் யாருக்குப் போகும். அதைப் படிச்சுட்டுக் கேட்கிறவர் பெரும்பாலும் கட்டுறவராத்தான் இருப்பார்.