மரக்காணம் உப்பும் ஒரு சுங்க எல்லையும்

1973-ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. காமன்வெல்த் நாடு என்ற முறையில் பிரிட்டன் சந்தையில் இந்தியாவுக்கு இருந்த வரிச் சலுகைகள் படிப்படியாகப் போயின. 1975-ல் லோமே ஒப்பந்தம் வந்து ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளுக்குப் புதிய சலுகை கொடுத்தது. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. பெரிய சந்தை தன் எல்லையை நகர்த்தும்போது பக்கத்தில் இருப்பவனைக் கேட்பதில்லை என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணம் இது.

இதைவிடப் பழைய உதாரணம் ஒன்று கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் மரக்காணம் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாத்தி பாத்தியாகத் தெரியுமே, அந்த உப்பளங்கள்தான்.

1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. உப்பு விளைவித்தவர்கள் முழுவதையும் கம்பெனியிடமே கொடுக்க வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தது குடிவாரம் என்ற சொற்பத் தொகை. கம்பெனியோ அதைப் பல மடங்கு விலைக்கு விற்றது. இன்றைய அர்த்தத்தில் இது பொருளாதாரக் கூட்டமைப்பு அல்லதான். ஆனால் உள்ளே ஒரே விலை, எல்லையில் காவல் என்ற ஏற்பாடு அப்படியே அதேதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஓட்டை போட்டது புதுச்சேரி. நெப்போலியன் போர்கள் முடிந்து பிரெஞ்சுக்காரர்களிடம் ஊரைத் திருப்பித் தரவேண்டிய நிலை. பிரெஞ்சுப் பகுதியோ ஒரே துண்டாக இல்லை. ஆங்கிலேயக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்தது. அங்கே மலிவாக உப்பு விளைந்தால் ராத்திரியோடு ராத்திரியாக இந்தப் பக்கம் வந்துவிடும். எத்தனை சேவகர்களைத்தான் நிறுத்துவது?

எனவே 1815 மார்ச் 7 அன்று லண்டனில் ஒப்பந்தம் போட்டார்கள். பிரெஞ்சுப் பகுதிகளில் உள்ளூர்த் தேவை போக மிஞ்சும் உப்பை வாங்கும் உரிமை முழுவதும் கம்பெனிக்கு. பதிலுக்குப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுதோறும் 4 லட்சம் ரூபாய். கூடவே, விலை கொடுத்து வாங்கிக்கொள்ள ஆண்டுக்கு 300 பெட்டி அபின்! (உப்புப் பேச்சில் அபின் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. அன்றைய ராஜதந்திரம் அப்படி.)

அதோடும் விடவில்லை. 1818-ல் இன்னொரு உடன்படிக்கை வந்து, பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதையே நிறுத்தியது. அந்த மக்களுக்கு வேண்டிய உப்பைக் கம்பெனியே அடக்க விலைக்குக் கொடுக்கும். ஆனால் பிரெஞ்சு அரசு அதை ஏறக்குறைய ஆங்கிலேயப் பகுதி விலைக்கே விற்க வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் கடத்தல். அளத்துக்காரர்களுக்கு நஷ்டஈடு ஆண்டுக்கு 4,000 வராகன்.

வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்றால் மொத்தம் 14,000 ரூபாய். அரசுக்கு 4 லட்சம், அளத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து 14,000. பாத்தியில் இறங்கி உப்பு வாரிய கூலியாளுக்கு? அவர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. கடல் வாசலில் இருக்க, புதுச்சேரிக்காரர் வாங்கிய உப்பிலோ கம்பெனியின் விலை ஏறிவிட்டது.

எல்லைக்கு இந்தப் பக்கம் மரக்காணத்தில் அளங்கள் பிழைத்தன. விலை சொல்லும் உரிமை மட்டும் விளைவித்தவரிடம் இல்லை.

1941-ல் பிரெஞ்சிந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க ஒன்றியமே அமைத்துக்கொண்டன. 1949-ல் சுதந்திர இந்தியா அதை முடித்துக்கொண்டு புதுச்சேரியைச் சுற்றிச் சுங்கக் காவல் போட்டது. அப்போதும் சாமான் வாங்க எல்லை தாண்டியவர்கள்தான் சோதனைக்கு நின்றார்கள். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்த பிறகு அந்தக் காவலுக்கு வேலை இல்லாமல் போனது.